நாலாம் மாடிச் சீமாட்டியும் என் தம்பியும்

எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில் தனியாக இருந்த கிழவி ஒரு காலத்தில் இங்கிலாந்து அரண்மனையில் வாழ்ந்தவர் என்று கேள்விப்பட்டபோது நான் சிரித்துவிட்டேன். சொன்னவள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கல்காரி. லா ஷப்பல் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், ரயில் தண்டவாளங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பழைய கட்டடம் அது. படிக்கட்டுச் சுவரில் ஈரம் ஊறிச் சுண்ணாம்பு உரிந்து தொங்கும். ஆறாம் மாடியில், கூரைக்குக் கீழே ஒற்றை அறையில் நானும் என் கணவரும் இருந்தோம். மழை பெய்தால் கட்டில் காலடியில் வாளி வைக்க வேண்டும். இந்தக் கட்டடத்தில் அரண்மனைக்காரி எங்கிருந்து வந்தார்?

எண்பத்தைந்தாம் ஆண்டு அது. நான் பாரிஸுக்கு வந்து ஆறு மாதம். கணவர் ஓர் உணவகத்தில் சட்டி கழுவப் போய்விடுவார். என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பகலெல்லாம் யன்னலருகே இருந்து ரயில்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பிரெஞ்சு வராது, ஆங்கிலம் வரும் என்று போர்த்துக்கல்காரி எப்படியோ கண்டுபிடித்து, என் கையைப் பிடித்து இரண்டு மாடி இறக்கிக் கொண்டுபோய் அந்தக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவர் தொண்ணூறைத் தாண்டியவர். நல்ல உயரம், முதுகில் வளைவே இல்லை. முழங்கையில் நைந்துபோன கம்பளிச் சட்டை. காலை பத்து மணிக்கே காதில் முத்துத் தோடு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்:

"உங்களுக்கு ஆங்கிலம் கற்பித்தது யார்?"

"கன்னியர்மடத்துச் சிஸ்டர்மார்."

"நன்றாகத்தான் கற்பித்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் மன்னிப்புக் கேட்கிற மாதிரிப் பேசுகிறீர்கள்."

வேலை கடினமில்லை. தூசி தட்டுவது, சந்தைக்குப் போய்வருவது, சூப் வைப்பது. எல்லாம் முடிந்ததும் ஒரு மணித்தியாலம் அவருக்கு வாசிக்க வேண்டும். அவருடைய கண்ணில் பார்வை மங்கிவிட்டது. கார் து நோர் ரயில் நிலையக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பத்திரிகையை நான் வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார். ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்தால் விரலால் கதிரைக் கையைத் தட்டுவார். நான் அவரை மதாம் என்றுதான் கூப்பிட்டேன்.

தன்னைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். வட ஜெர்மனியில் ஒரு பிரபுக் குடும்பம். பெரிய பட்டம், ஓட்டை விழுந்த வீடு. பத்தொன்பது வயதில், உறவுக்காரி ஒருவரின் சிபாரிசில், இங்கிலாந்து அரச குடும்பத்து வயதான இளவரசி ஒருவருக்குத் துணையாக அனுப்பிவிட்டார்கள். இளவரசிக்குக் கடிதம் வாசிப்பதும், சால்வை தூக்குவதும், அவர் போகுமிடமெல்லாம் இரண்டு அடி பின்னால் போவதும்தான் வேலை.

"அவர் கதிரையில் இருக்கச் சொல்லும்வரை நான் நிற்க வேண்டும். பல நாள் சொல்ல மறந்துவிடுவார். கேள்வி கேட்கக் கூடாது. தும்மக் கூடாது. முதுகைக் காட்டக் கூடாது."

"அப்ப அறையை விட்டு எப்பிடி வெளியிலை வருவீங்கள்?"

ஆங்கிலத்தில்தான் கேட்டேன். ஆச்சரியத்தில் அது தமிழ்போலவே வந்தது. அவர் எழுந்தார். பாவாடையை ஒரு கையால் லேசாகப் பின்னுக்கு ஒதுக்கிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி, யன்னலடியிலிருந்து கதவுவரை பின்பக்கமாக நடந்தார். நடுவில் மேசை இருந்தது. தொடாமல் சுற்றி வந்தார். விழுந்து இடுப்பு உடையப் போகிறதே என்று நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினேன். அவர் கதவுக் குமிழைப் பாராமலே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றுதான் போர்த்துக்கல்காரி சொன்னதை முழுமையாக நம்பினேன்.

குளிர்காலம் முடிகிற நேரம் அரசாங்கத்திடமிருந்து ஒரு படிவம் வந்தது. அவருடைய ஓய்வூதியம் சம்பந்தமானது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்க, அவர் பதில் சொல்ல, எழுதிக்கொண்டு வந்தேன். பிறந்த இடம், கணவர் பெயர். கணவர் பிரெஞ்சு ரயில்வே இஞ்சினியர், இறந்து பல வருடம். தண்டவாளத்தைப் பார்த்த இந்த வீடு அவர் விட்டுப்போனதுதான். உடன்பிறந்தவர்கள் என்ற கட்டத்துக்கு வந்தேன்.

"இல்லை என்று எழுதுங்கள். ஒரே பிள்ளை."

எழுதினேன். அடுத்த கேள்வியைக் கேட்டேன். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவருடைய வாய் கோணிக்கொண்டு போனது. பாரிசவாதம் என்றே நினைத்தேன். தண்ணீர் எடுக்க எழுந்தவளைக் கையால் மறித்தார்.

"அது பொய். எனக்கு அண்ணன் ஒருவன் இருந்தான்" என்றார்.

அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். ஒன்றரை வயது மூத்தவன். குதிரை ஒன்றுதான் என்பதால் இருவரும் ஒன்றாகவே ஏறிப் போவார்களாம். இவர் அரண்மனைக்குப் போன அடுத்த கோடையில் தங்கையைப் பார்க்க இங்கிலாந்து வந்தான். இளவரசி அவன் கன்னத்தைக் கிள்ளி, ஒரு பேனாக் கத்தி பரிசு கொடுத்தார். அதற்கடுத்த கோடையில் முதலாம் உலகப் போர். அண்ணன் ஜெர்மன் படையில் சேர்ந்தான். அரண்மனையில் ஒரே நாளில் ஜெர்மன் மொழி நின்றது. அதுவரை இவரிடம் ஜெர்மனிலேயே பேசி வந்த இளவரசி, "இனி அந்த மொழி என் காதில் விழக் கூடாது" என்றாராம். வேலைக்காரர்கள் இவருடைய அறைக்குச் சுடுதண்ணீர் கொண்டுவருவதை நிறுத்தினார்கள்.

ஒருநாள் காலை, ஒல்லாந்தில் இருந்த சித்தி மூலம் கடிதம் வந்தது. ஒரே ஒரு வரி. அண்ணன் இறந்துவிட்டான். நின்றபடி வாசித்தார். அதற்குள் இளவரசியின் அழைப்பு மணி அடித்தது. கடிதத்தைக் கையுறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு கீழே போனார். அன்று காயம்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு அரண்மனையில் தேநீர் விருந்து. ஊற்றிக் கொடுப்பது இவர் பொறுப்பு. ஒரு கை இல்லாத சிப்பாய் ஒருவன் இன்னும் கொஞ்சம் சீனி கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது பட்டம் பெற்ற சீமாட்டி ஒருத்தி, எல்லாருக்கும் கேட்க, "உங்களுடைய ஆட்கள் யாராவது அந்தப் பக்கத்தில் சண்டை போடுகிறார்களா?" என்றாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"நான் சொன்னேன்: இல்லை, நான் ஒரே பிள்ளை."

"இளவரசிக்குத் தெரியும்தானே?"

"பக்கத்திலேயே இருந்தார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஓம், பாவம், ஒரே பிள்ளை என்றார். பிறகு தனக்கும் ஒரு கோப்பை ஊற்றச் சொன்னார்."

சொந்த அண்ணன் செத்த அன்று, அவன் இருந்ததே இல்லை என்று சொல்ல ஒரு மனுசிக்கு எப்படி வாய் வந்தது? அதை நான் மனதுக்குள் வைத்திருக்கவில்லை. அப்படியே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"நானும் அதைத்தான் யோசித்தேன். சுலபமாக வந்தது. கை நடுங்கவில்லை. ஒரு துளி தேநீர் சிந்தவில்லை."

அன்று மேலே வந்து கணவரிடம் சொன்னேன். "சீ, என்ன மனுசியப்பா அது. என்ரை தம்பியை ஆரும் கேட்டா நான் அப்பிடிச் சொல்லுவனோ?" என்றேன். அவர் களைத்துப்போய் வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அந்த நேரத்திலை என்ன நிலைமையோ, ஆருக்குத் தெரியும்" என்றார்.

எனக்குத் தம்பி ஒருவன் இருந்தான். என்னைவிட நாலு வயது இளையவன். நான் வெளிநாடு வருவதற்கு முன்பே ஓர் ஆயுத இயக்கத்தில் சேர்ந்திருந்தான். அதன் பெயரையும், பிறகு அதை அழித்த இயக்கத்தின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. இரண்டிலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான்.

ரூ பெர்தொனே தெருவில் அப்போது எங்கள் ஆட்களின் கடை ஒன்றிரண்டுதான். அதில் ஒரு கடைக்குத்தான் நான் போவேன். கடைக்கார அண்ணை என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். ஊரிலிருந்து என் பெயருக்கு வரும் கடிதங்களையும் வாங்கி வைத்திருந்து தருவார். ஒரு வெள்ளிக்கிழமை காலை மிளகாய்த்தூள் வாங்கப் போனேன். நாலைந்து ஆண்கள் மற்ற இயக்கத்தின் துண்டுப்பிரசுரம் ஒன்றைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒழிக்கப்பட்ட துரோகிகள் என்று தலைப்பைச் சொல்லிவிட்டு, பெயரும் ஊருமாக வாசித்தார். நான் மிளகாய்த்தூள் பைக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆறாவதோ ஏழாவதோ என் தம்பியின் பெயர்.

பெயர், அப்பாவின் பெயர், ஊர். தவறு நேர இடமே இல்லை.

"தங்கச்சி, நீரும் உந்த ஊர்தானே? உந்த ஆளைத் தெரியுமோ?" என்று கடைக்கார அண்ணை கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கடையில் நிற்பவளிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்று கேட்டது. ஆனால் மற்றவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"இல்லை அண்ணை. தெரியாது."

"பெரிய ஊர்தானே, அங்காலிப்பக்கமாக்கும்."

"ஓமாக்கும்" என்றேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. "கறிவேப்பிலை எப்ப வரும் அண்ணை?" என்றும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை வரும் என்றார். பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மேலே இரும்புப் பாலத்தில் மெத்ரோ இரைந்துகொண்டு போனது. அதற்குக் கீழே, தெருவைக் கடக்கிற இடத்தில் நின்றேன். விளக்கு பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையானது. யாரோ முழங்கையால் இடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கறிவேப்பிலை கேட்டேனே, கறிவேப்பிலை கேட்டேனே என்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கால் பழக்கத்தில் மதாமின் வீட்டுக்குப் போய்விட்டது. தூசி தட்டினேன். சூப் வைத்தேன். பத்திரிகையை எடுத்து வாசித்தேன். ஒரு முழுப்பக்கம் வாசித்திருப்பேன், அவர் கண்ணைத் திறந்தார்.

"இன்றைக்கு என்ன நடந்தது?"

"ஒன்றுமில்லை மதாம்."

"நீங்கள் ஒரு பிழைகூட விடவில்லை. இப்படி நீங்கள் வாசித்ததே கிடையாது."

பத்திரிகையைக் கீழே வைத்தேன். கடையில் வாசித்ததையும், அண்ணை கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். கறிவேப்பிலையையும் சொன்னேன். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. விளக்கம் கேட்கவில்லை. அவருடைய முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் அவரை நோகச் சொன்ன அந்த நாளில்கூட அப்படி ஆகவில்லை. கதிரைக் கையைப் பிடித்து எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல நின்றார்.

"எவ்வளவு நேரம் ஆகிறது, அப்படிச் சொல்லி?"

"இரண்டு மணித்தியாலம் இருக்கும்."

"இரண்டு மணித்தியாலம்" என்று தனக்குள் முணுமுணுத்தார். பிறகு, என்னிடம் கேட்காமலே, மிச்சக் கதையைச் சொல்லத் தொடங்கினார். அதை அவர் எனக்காகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வாந்தி வருகிறவர் வாயைப் பொத்த முடியாததுபோல இருந்தது.

போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து அவருடைய அம்மா மகளைப் பார்க்க இங்கிலாந்து வந்தார். மெலிந்து, கறுப்பு உடுப்போடு. மகனுக்கான துக்க உடுப்பு அது. இளவரசி மரியாதைக்கு ஒரு தேநீருக்கு அழைத்தார். அரண்மனையில் அதற்குள் எல்லாருக்கும் இவர் ஒரே பிள்ளைதான். பதிவேட்டில்கூட அப்படித்தான். அன்பான கிழவி ஒருத்தி அம்மாவின் கையைத் தொட்டு, "உங்கள் ஒரே பிள்ளையை இத்தனை வருடம் பிரிந்திருந்தது எவ்வளவு கொடுமை" என்றாள்.

"அம்மா என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். அம்மா தேநீரை முழுதாகக் குடித்தார். கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் காலைக் கப்பலில் போய்விட்டார். நான் பதினொரு வருடம் கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிறகு இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது."

அப்போதுதான் எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. அதுவரை தம்பியும் கறிவேப்பிலையும் மட்டுமே. அம்மாவுக்குத் தெரியுமா, உடம்பைக் கொடுத்தார்களா, அடக்கம் செய்ய விட்டார்களா? அங்கேயே, அந்தத் தரையில் இருந்து கத்தி அழுதேன். மதாம் என்னைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. யன்னலைப் போய்ச் சாத்தினார். பிறகு என் எதிரே, கதிரையில் அல்ல, தரையில், சுவரைப் பிடித்துப் பிடித்து மெல்ல இறங்கி இருந்துகொண்டார். திரும்ப எழுப்ப நானும் போர்த்துக்கல்காரியும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

என் கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். அவர் கட்டிலில் இருந்து முகத்தைப் பொத்தி அழுதார். அவருக்கு என் தம்பியைச் சிறுவயதிலிருந்தே தெரியும். அழுது முடித்துவிட்டு, "நீ சொன்னதுதான் சரி. இனியும் அப்பிடியே சொல்லு" என்றார்.

"என்னெண்டு?"

"தெரியாதெண்டு. இஞ்சையும் அவையின்ரை ஆக்கள்தான். நாளைக்கு வேலைக்குப் போற வழியிலை என்னை மறிச்சா நீ என்ன செய்வாய்?"

அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. கடையில் நின்றது நான்தான்.

மூன்று வாரம் யோசித்தேன். பிறகு எங்களுக்குத் தமிழில் பூசை வைக்கும் கத்தோலிக்கச் சுவாமியிடம் போனேன். முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைய பூசையைத் தம்பிக்கு ஒப்புக்கொடுத்து, பெயரையும் வாசிக்க வேண்டும் என்றேன். சுவாமிக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, பேர் வாசிக்கத்தான் வேணுமோ? ஆண்டவருக்குத் தெரியும்தானே."

"ஆண்டவருக்குத் தெரியும் சுவாமி. சனத்துக்குத் தெரியாது."

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவர் வரமாட்டேன் என்றார். நான் படியிறங்கி இரண்டு மாடி போவதற்குள் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி பின்னாலேயே வந்தார்.

மன்றாட்டு நேரம் வந்தது. சுவாமி பெயரை வாசித்தார். "இங்கே இருக்கும் அவருடைய மூத்த சகோதரியின் கருத்துக்காக" என்றும் சேர்த்தார். அப்படிச் சேர்க்கும்படி நான் கேட்டிருக்கவே இல்லை. முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது. செருப்புச் சத்தம் வாசல்வரை கேட்டது. நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணவர் தலையைக் குனிந்தபடி, ஆனால் என்னோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

பூசை முடிந்து வெளியே வந்தால், வாசலில் கடைக்கார அண்ணை. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அண்டைக்கு ஏன் தெரியாதெண்டனீர்?"

"பயத்திலை அண்ணை."

"எனக்கும் பயம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் கடைக்குப் போனால் சாமானைப் பையில் போட்டுத் தருவார், தங்கச்சி என்று கூப்பிடுவதில்லை. லா கூர்னெவ் புறநகரிலிருந்து ஞாயிறுதோறும் வரும் என் பள்ளித்தோழி வருவதை நிறுத்தினாள். ஒருநாள் மெத்ரோவில் கண்டபோது, எனக்கு முன்னாலேயே அடுத்த பெட்டிக்கு மாறிப் போனாள். பத்து வருடம் ஒரே வகுப்பில் இருந்தவள்.

மதாமிடம் பூசையைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டார். யார் எழுந்து போனார்கள், சுவாமியின் குரல் எப்படி இருந்தது, நான் நின்றேனா இருந்தேனா. எல்லாம் கேட்டுவிட்டு, ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். படிவத்தில் பிழை இருக்கிறது, தனக்கு அண்ணன் ஒருவன் இருந்தான், போரில் இறந்தான், இன்ன பெயர். அந்தப் பெயரை அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். சொல்லும்போது இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. சில வாரங்களில் பதில் வந்தது. தங்கள் கோப்பு முழுமையாக உள்ளது, மேலதிக விபரம் தேவையில்லை. வாசித்துக் காட்டினேன். நான் கோபப்பட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி வந்து ஆஸ்பத்திரியில் இறந்தார். அடக்கத்துக்கு நானும் போர்த்துக்கல்காரியும், மதாமின் கணவர் வழியில் தூரத்து உறவு ஒருவரும்தான். அரண்மனையிலிருந்து யாரும் வரவில்லை. அங்கே அவரை அறிந்தவர்கள் எப்போதோ இறந்திருப்பார்கள்.

அடுத்த மாதம்தான் அம்மாவின் கடிதம் வந்தது. யாரோ கொழும்புவரை கையில் கொண்டுவந்து தபாலில் போட்டிருந்தார்கள். படியில் நின்றே உடைத்தேன். பூசை வைத்துப் பெயரை வாசித்ததற்கு அம்மா என்னை மெச்சி எழுதியிருப்பார் என்று எண்ணியிருந்தேன்.

'பிள்ளை, நீ அங்கை பூசை வைச்ச கதை இஞ்சை வந்திட்டுது. ரெண்டு பேர் வீட்டை வந்து கேட்டவை. உன்ரை மகள் பாரிசிலை ஆருக்குப் பூசை வைச்சவள் எண்டு. நான் எனக்குத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன். இனி அப்பிடி ஒண்டும் செய்யாதை' என்று எழுதியிருந்தது.

நான் வாசிக்க வைத்த பெயர் கடல் கடந்து போய் அம்மாவின் வாசலில் இரண்டு ஆண்களாக நின்றிருக்கிறது. அவர்களிடம் அம்மா சொன்ன பதிலும் அதே பதில். படியில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கீழே யாரோ விளக்கை அணைத்தார்கள், பிறகு போட்டார்கள்.

கடிதத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் திருப்பி, இன்னும் இரண்டு வரி இருந்தது.

'அவன்ரை பேரை முழுசா வாசிச்சவரோ? அப்பான்ரை பேரையும் சேத்தோ? எழுது.'

அன்றே பதில் எழுதினேன். முழுசா வாசிச்சவர் அம்மா, அப்பான்ரை பேரோடை, ஞானஸ்நானப் பேரோடை, சத்தமா வாசிச்சவர், எல்லாருக்கும் கேட்டது. அந்தக் கடிதம் அம்மாவின் கைக்குப் போனதா என்று எனக்குத் தெரியாது. பிறகு அவரிடமிருந்து வந்த எந்தக் கடிதத்திலும் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.